நடுவில் வந்த பந்து

யாசீன் எங்கே நின்றாலும் தன் வலப்பக்கம் ஓர் ஆள் நிற்க இடம் விட்டுத்தான் நிற்பார். மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் அப்படித்தான், கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்கும்போதும் அப்படித்தான். பள்ளிவாசலில் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும் என்பதால் அங்கே மட்டும் இந்தப் பழக்கம் செல்லாது. வீட்டில் கட்டிலின் இடது ஓரம் அவருடையது. காரணம் கேட்டால், "பதினோரு வருசம் அந்தப் பக்கம் ஒருத்தன் நின்னான்ல" என்பார்.

அந்த ஒருத்தன் முத்துக்குமரன், திருமங்கலத்துக்காரர். இருவரும் டென்னிஸில் இரட்டையர் ஆட்டம் ஆடிப் பிழைத்தவர்கள். இடது பாதி முகமது யாசீன், வலது பாதி முத்துக்குமரன். உலகத் தரவரிசையில் யாசீன் தொட்ட உச்சம் முந்நூற்று நாற்பத்தொன்று. முத்து முந்நூற்று முப்பத்தொன்பது வரை போனார். அந்த இரண்டு இடத்தை இன்றைக்கும் அவர் சொல்லிக்காட்டாமல் இருப்பதில்லை. பேப்பரில் இவர்கள் பெயர் விளையாட்டுப் பக்கத்தின் அடியில், போட்டி முடிவுகள் வரும் பொடி எழுத்தில் வந்ததோடு சரி. அந்தத் துண்டுகளை யாசீனின் அம்மா அஜ்மல் பீவி ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். டப்பா நிறைந்து இரண்டாவது டப்பாவும் பாதி வந்தது.

காஜிமார் தெருவில் யாசீனின் அத்தா பாதுஷாவுக்குப் பை தைக்கும் கடை. ஒரு டென்னிஸ் கிளப்பின் உறுப்பினர் தன் மட்டையின் பிடியில் தோல் கிழிந்துவிட்டதென்று தைக்கக் கொடுத்தார். தையல் பிடித்துப்போய் மற்றவர்களும் கொடுத்தார்கள். தைத்த மட்டைகளைத் திருப்பிக் கொடுக்கப் போன மகன், கிளப் சுவரில் பந்தை அடித்துப் பார்த்தான். சுவர் ஒரு பந்தையும் விடாமல் திருப்பிக் கொடுத்தது. அவனும் விடவில்லை. பதினாறு வயதில் மாவட்ட அணிக்கு வந்தபோது அங்கே முத்துக்குமரன் இருந்தார், ஒரு வயது மூத்தவர்.

சேர்ந்து ஆடிய முதல் வருடம் அவர்கள் தோற்ற ஆட்டங்களில் பாதி, நடுவில் வந்த பந்தால் தோற்றவை. எதிராளி இருவருக்கும் இடையில் அடித்தால், முத்து மூத்தவர் என்று யாசீன் விடுவார். சின்னவன் ஆசையாக எடுப்பான் என்று முத்து விடுவார். பந்து இருவருக்கும் நடுவே வந்து விழுந்து, வேலிக்குப் போய்விடும். அதற்குப் பிறகு இருவரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள்.

அசாமுக்குப் போகும் ரயிலில் முத்துக்குமரன் ஒரு சட்டம் போட்டார். இரண்டே சொல்: "நான்", "நீ". எந்தப் பந்து வந்தாலும் இதில் ஒன்றை ஒருவர் சத்தமாகச் சொல்லியாக வேண்டும். வாயைத் திறக்காமல் பந்தை விட்டவர், அடுத்த ஊர் வரைக்கும் இருவரின் மூட்டைகளையும் சுமக்க வேண்டும். முதல் மூன்று ஊர்களுக்கு யாசீன்தான் சுமந்தார். நான்காவது ஊரிலிருந்து அவரவர் மூட்டை அவரவர் தோளில் இருந்தது.

அதன்பிறகு தாய்லாந்து, எகிப்து, உஸ்பெகிஸ்தான் என்று எந்தெந்த ஊரிலோ இந்த இரண்டு தமிழ்ச் சொற்களும் கேட்டன. முத்துவின் முழங்கால் கெட்டு அவர் ஆட்டத்தை விடும் வரை கேட்டன. யாசீன் வேறு மூவருடன் ஆறு மாதம் ஆடிப்பார்த்தார். மூவருமே நல்ல ஆட்டக்காரர்கள். ஆனால் வலப்பக்கம் திரும்பிப் பார்த்து ஆட வேண்டியிருந்தது. முத்து இருந்தபோது அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை. ஆடுவதை விட்டுவிட்டு யாசீன் ஊருக்கு வந்துவிட்டார்.

மனைவி ஷைமா பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுக்கிறார். அந்தப் பள்ளிக்குப் பின்னால் இரண்டு செம்மண் மைதானங்கள் புல் மண்டிக் கிடந்தன. புல்லைச் செதுக்கி, தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, யாசீன் அங்கே பயிற்சியாளர் ஆனார். ஒன்பது வருடத்தில் இருபத்தாறு பிள்ளைகள் சேர்ந்தார்கள். அதில் பதினெட்டுப் பேர் பெண்கள். அவர்கள் ஆடும் நேரத்தில் பசுமலைச் சாலையில் போகிறவர்களுக்கு "நான், நீ, நான்" என்று சண்டை நடப்பது போலக் கேட்கும்.

இந்த ஏப்ரலில் பள்ளி நிர்வாகம் அந்த இடத்தில் புதிய வகுப்பறைகள் கட்ட முடிவு செய்தது. ஜூன் முதல் தேதி தோண்டுகிறார்கள். அதில் யாருடைய குற்றமும் இல்லை. பிள்ளைகள் கூடினால் வகுப்பறை வேண்டும்தான். இருபத்தாறு பேருக்கும் ஜூனிலிருந்து ஆட இடம் இல்லை என்பது மட்டும் மிச்சம் நின்றது.

அதே வாரம் வைகைக்கு வடக்கே இருக்கும் கிளப்பில் தலைமைப் பயிற்சியாளர் வேலைக்கு ஆள் கேட்டார்கள். நான்கு செம்மண் மைதானங்கள் உள்ள இடம். வருகிற பயிற்சியாளர் மாலை ஆறு மணி வரை வெளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கலாம் என்று விளம்பரத்திலேயே இருந்தது. யாசீனுக்கு அந்த ஒரு வரி போதும். இருபத்தாறு பிள்ளைகளைப் பற்றியும் எழுதி விண்ணப்பித்தார்.

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். மற்றவர் காளைராஜன், காரைக்குடிப் பக்கம், வயது இருபத்தேழு. பெங்களூரில் கற்றவர், ஒற்றையர் ஆட்டக்காரர். கிளப் செயலர் ஹாலாஸ்யம், ஓய்வு பெற்ற கணக்குப் பேராசிரியர், ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் ஒரு செட் ஒற்றையர் ஆடட்டும், உறுப்பினர்கள் பார்க்கட்டும், பிறகு முடிவு செய்யலாம்.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது செய்தியைக் கேட்ட ஷைமா சிரித்துவிட்டார். "சிங்கிள்ஸா? வீட்லயே பாதி வேலைக்கு 'நீ'ன்னு சொல்லிட்டு நிக்கிற ஆளு நீங்க. அங்க யாரைப் பாத்துச் சொல்லுவீங்க மச்சான்?"

யாசீன், பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் எப்போதும் அப்படிச் சொல்கிறவர்தான். அது வெறும் சமாதானமாக இருந்ததில்லை, உண்மையிலேயே பார்த்துக்கொள்வார்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கே அவர் கிளப்புக்கு வந்துவிட்டார். அந்த நேரத்தில் மைதானத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். கிளப் சாம்பியன் முகமது ஆசிப், செருப்பு மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. எதிர்ப்பக்கம் விருமாண்டி. விருமாண்டிக்குச் சொந்த ஊர் எழுமலை. கிளப்பில் மார்க்கர் வேலை பார்க்கிறார். விடியுமுன் மைதானத்துக்குத் தண்ணீர் விட்டு, உருளை இழுத்து, கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, பிறகு உறுப்பினர்களுக்குப் பழக்கத்துக்காகப் பந்து அடித்துக் கொடுப்பவருக்கு மார்க்கர் என்று பெயர். வயது முப்பத்திரண்டு. அவர் மட்டையிலிருந்து போன பந்து ஆசிபின் வலது இடுப்புக்கு நேராக, அடிக்க வாகான உயரத்தில் போய் நின்றது. அடுத்ததும் அதே இடம். யாசீன் வேலியோரம் நின்று எண்ணினார். இருபதுக்கு இருபது.

ஏழு மணிக்கு ஒற்றையர் ஆட்டம் தொடங்கியது. கிளப்பின் அலுவலக வேலையைப் பார்ப்பவள் என்பதால் உயர நாற்காலியில் என்னை ஏற்றி, புள்ளி சொல்ல வைத்திருந்தார்கள்.

காளைராஜன் அலட்டிக்கொள்ளாமல் ஆடினார். கால்கள் மண்ணில் வழுக்கிப் போய் நின்ற விதமே பார்க்க நன்றாக இருந்தது. யாசீன் வலைக்கு வந்த இடங்களில் மட்டும் ஜெயித்தார். மூன்றாவது கேமில் காளைராஜன் வலது மூலைக்கு ஒரு பந்தை அடித்தார். ஓடினால் எட்டக்கூடிய பந்து. யாசீன் இடது பாதியில் நின்றபடியே, நெஞ்சிலிருந்து ஒரு சத்தம் போட்டார்.

"நீ!"

பந்து ஆளில்லாத வலது பாதியில் விழுந்து எழும்பி வேலியில் மோதியது. ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு கூட்டத்தில் யாரோ, "யாரைச் சொல்றாரு, என்னையா?" என்று கேட்க, பார்க்க வந்திருந்த நாற்பது பேரும் சிரித்தார்கள். காளைராஜன்கூட மட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டார். யாசீனும் சிரித்தார். ஆனால் நான்காவது கேமிலும் அதே போல ஒரு பந்து போனது. வாயை மட்டும் அடக்கிக்கொண்டார், கால் நகரவில்லை. ஆறுக்கு ஒன்று என்று செட் முடிந்தது.

கை குலுக்கிவிட்டு அவர் நேராக ஹாலாஸ்யத்திடம் போனார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு எது வராது என்று பார்த்துவிட்டீர்கள், எது வரும் என்று காட்ட ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டார். ஹாலாஸ்யம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், ஒண்ணு கேக்குறேன். சாயங்காலம் உங்க கிளப்புல எத்தனை பேரு சிங்கிள்ஸ் ஆடுறாங்க?" என்றார் யாசீன்.

ஹாலாஸ்யம் யோசித்தார். கணக்குப் பேராசிரியர் என்பதால் பொய் சொல்ல வரவில்லை. "ரெண்டு பேர். மத்த எல்லாரும் டபுள்ஸ்தான்."

"டபுள்ஸும் இல்ல சார். நான் நாலு நாளா வெளிய நின்னு பாத்தேன். ஒரு கோர்ட்டுல நாலு பேரு தனித்தனியா ஆடுறாங்க. அதை ரெண்டு ரெண்டு பேரா ஆக்குறதுதான் என் வேலை. இங்க இருக்கறவங்கள்ல யாராச்சும் ரெண்டு பேரைக் குடுங்க. இதுவரைக்கும் சேர்ந்தே ஆடாத ரெண்டு பேரா இருக்கட்டும். நாப்பது நிமிசம் போதும். காளைராஜன் தம்பியும் ஆசிபும் எதிர்ல ஆடட்டும். பத்துப் புள்ளி. தோத்தா நான் கெளம்புறேன்."

பெருமைக்காகச் சொல்லும் தோரணை அவரிடம் இல்லை. தச்சர் ஒருவர் இந்தக் கதவுக்கு இம்புட்டு மரம் வேண்டும் என்று சொல்வது போலச் சொன்னார். ஹாலாஸ்யத்துக்குப் பந்தயம் பிடிக்கும். சுற்றிலும் பார்த்து, கொஞ்சம் குறும்பாகவே, ஹரிநாராயணனைக் கை காட்டினார்.

டாக்டர் ஹரிநாராயணன் கண் மருத்துவர், ஐம்பது வயது. கிளப்பில் அவரைவிட வேகமாக யாரும் ஃபோர்ஹேண்ட் அடிக்க முடியாது. அவரோடு ஜோடி சேரத்தான் ஆள் கிடைக்காது. தன் பந்தோடு பக்கத்து ஆளின் பந்தையும் எடுப்பார், தவறினால் இடுப்பில் கை வைத்து ஜோடிக்காரரைப் பார்ப்பார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான்கு பேர் விலகியிருந்தார்கள்.

"இன்னொருத்தர நானே எடுத்துக்கிறேன்" என்றார் யாசீன். உருளைக்குப் பக்கத்தில் நின்றிருந்த விருமாண்டியைக் கூப்பிட்டார்.

மார்க்கர் உறுப்பினருக்குப் பந்து போடுவார். உறுப்பினரோடு ஜோடி சேர்ந்து ஆட்டம் ஆடுவது அங்கே வழக்கமில்லை. எழுதி வைத்த விதி ஏதும் இல்லை, அதனாலேயே யாரும் அதை மீறியதில்லை. டாக்டர் புருவத்தைத் தூக்கினார். ஆனால் முடியாது என்று சொன்னால் பயந்துவிட்டதாகப் பேசுவார்களே என்று மட்டையை எடுத்துக்கொண்டார்.

நான்காவது மைதானத்தில் யாசீன் முதலில் செய்தது, விருமாண்டி கோடு போடும் கயிற்றை வாங்கியதுதான். பத்தடி அளந்து, ஒரு முனையை டாக்டரின் இடுப்பிலும் மறுமுனையை விருமாண்டியின் இடுப்பிலும் கட்டினார். ஒருவர் நகர்ந்தால் மற்றவரும் நகர வேண்டும், இல்லாவிட்டால் கயிறு இழுக்கும். டாக்டர் வலது பாதி, விருமாண்டி இடது பாதி. முதல் ஐந்து நிமிடத்தில் டாக்டர் மூன்று தடவை விருமாண்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்.

பிறகு அந்த இரண்டு சொற்கள். இங்கேதான் வேலை கடினமாக இருந்தது. நடுவில் வரும் பந்து, இடது பாதியில் நிற்கும் வலது கைக்காரருக்கு மட்டை பிடித்த கைப் பக்கமாக, ஃபோர்ஹேண்டில் வரும். ஆகவே அது விருமாண்டியின் பந்து. யாசீன் நடுவில் ஒரு பந்தைப் போட்டார். விருமாண்டி பின்வாங்கி, "சார், நீங்க எடுங்க சார்" என்றார்.

"விருமா, நீ இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பந்து வேலியில கெடக்கு. 'நான்'னு மட்டும் சொல்லு."

"சார் முன்னாடி எப்புடிண்ணே."

"சார் முன்னாடிதான் சொல்லணும். பின்னாடி சொன்னா என்னத்துக்கு ஆகும்?"

பத்துப் பந்து போட்டும் விருமாண்டியின் வாயிலிருந்து அந்தச் சொல் வரவில்லை. யாசீன் திட்டவில்லை, கெஞ்சவில்லை. முறையை மாற்றினார். இனி டாக்டர் வாயே திறக்கக் கூடாது. பந்து யாருக்கு என்று விருமாண்டி மட்டுமே சொல்வார். அவர் சொல்லாத பந்தை இருவரும் தொடக் கூடாது. அவர் சொன்னால் டாக்டர் கேட்க வேண்டும்.

"நான் அவன் சொல்றதைக் கேக்கணுமா?" என்றார் டாக்டர்.

"ஆமா டாக்டர். உங்களுக்கு அடி நல்லா இருக்கு. ஆனா பந்து எங்க வருதுன்னு உங்களைவிட முன்னாடி அவருக்குக் கண்ணு தெரியுது. கண்ணைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா?"

டாக்டர் தன் இடத்தில் போய் நின்றார். அடுத்து வந்த நான்கு பந்துகளை இருவரும் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்ணெதிரே விழும் பந்தைத் தொடாமல் நிற்பது எந்த ஆட்டக்காரருக்கும் வதை. ஐந்தாவது பந்தில் விருமாண்டி "நான்" என்றார், சாமி சந்நிதியில் பேசுவது போல மெதுவாக. ஆனால் பந்தை எடுத்தார்.

நாற்பது நிமிடம் முடிந்ததும் கயிற்றை அவிழ்த்தார்கள்.

ஆட்டம் முதலில் பத்துப் புள்ளி எடுப்பவருக்கு, வித்தியாசம் இரண்டு இருக்க வேண்டும். ஆறு புள்ளிக்கு ஒருமுறை பக்கம் மாற வேண்டும். முதல் பந்தே நடுவில் வந்தது. விருமாண்டி வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. இரண்டாவதில் டாக்டர் பழக்க தோஷத்தில் குறுக்கே பாய்ந்தார், அவர் விட்டுவிட்டு வந்த இடத்தில் காளைராஜன் பந்தைப் போட்டார். மூன்றாவது புள்ளியில் விருமாண்டிக்கு நல்ல பந்து கிடைத்தது. அதை அவர் அழகாக, அடிக்க வாகான உயரத்தில், ஆசிபின் வலது இடுப்புக்கு அனுப்பினார். ஆறு வருடப் பழக்கம். ஆசிப் அதை மைதானத்தின் மூலையில் ஆணி அடித்தது போல அடித்தார். மூன்றுக்குப் பூஜ்யம் என்றேன். பக்கம் மாறும்போது ஐந்துக்கு ஒன்று.

உறுப்பினர்களில் சிலர் காபி குடிக்கக் கிளம்பிவிட்டார்கள். யாசீன் வேலியோரம், தன் வலப்பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நின்றிருந்தார். மறுபக்கம் போகிற விருமாண்டியை நிறுத்தி, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஆசிபுக்குத் தினமும் எங்க பந்து போடுவ?"

"வலது இடுப்புக்குண்ணே. அங்க போட்டாத்தான் அவுகளுக்குப் பிடிக்கும்."

"எங்க போட்டாத் திட்டுவாரு?"

விருமாண்டி அன்று முதல் தடவையாகச் சிரித்தார். "இடது காலுக்கிட்ட. தாழ்வா."

"அங்க போடு."

கிளப்பில் அறுபது உறுப்பினர்கள். ஒவ்வொருவருக்கும் பந்து எங்கே வந்தால் பிடிக்கும் என்பது விருமாண்டிக்கு மனப்பாடம். பத்து வருடமாக அதுதான் அவர் வேலை. அப்படியென்றால் எங்கே வந்தால் பிடிக்காது என்பதும் தெரியும் அல்லவா? அதை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை.

அடுத்த பந்து ஆசிபின் இடது காலடியில் விழுந்தது. அடுத்ததும் அங்கேயே. மூன்றாவதை ஆசிப் வலையில் அடித்துவிட்டு, "டேய், ஆறு வருசமா இதை ஒளிச்சு வச்சிருந்தியா?" என்றார். பாதி கோபம், பாதி சிரிப்பு. காபிக்குப் போனவர்கள் டம்ளரோடு திரும்பி வந்தார்கள்.

நடுவில் வந்த பந்துக்கு விருமாண்டி "நான்" என்றார். இந்தத் தடவை உயர நாற்காலி வரைக்கும் கேட்டது. அதற்கடுத்த முறை மூன்றாவது மைதானம் வரை கேட்டிருக்கும். டாக்டர் ஒதுங்கி நின்று வழிவிட்டார். ஏழுக்கு ஆறு. காளைராஜன் விருமாண்டியின் தலைக்கு மேல் உயரமாக ஒரு பந்தைத் தூக்கினார். அது விருமாண்டிக்கு எட்டாது, பின்னால் நிற்கும் டாக்டர் ஓடினால் எட்டும்.

"நீ!" என்று கத்தினார் விருமாண்டி.

டாக்டரை அந்த வளாகத்தில் இருபது வருடமாக யாரும் ஒருமையில் கூப்பிட்டதில்லை. டம்ளர்கள் பாதி வழியில் நின்றன. ஆனால் டாக்டர் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது பந்து தனக்கு என்பது மட்டும்தான். திரும்பி அடித்த அடியில் செம்மண் தெறித்தது. ஏழுக்கு ஏழு.

ஒன்பதுக்கு ஒன்பதில் இன்னொரு முறை பக்கம் மாறினார்கள். யாசீன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த புள்ளியைக் காளைராஜன் கோட்டோரம் அடித்து எடுத்தார். அதற்கு எந்த ஜோடியும் பதில் சொல்லியிருக்க முடியாது. பத்துக்கு ஒன்பது.

கடைசிப் பந்து நடுவில் வந்தது.

"நான்" என்று சொல்லி விருமாண்டி முன்னால் பாய்ந்து அடித்தார். குறி ஆசிபின் இடது கால்தான். பந்து வலையின் மேல்பட்டையில் பட்டு, ஒரு கணம் யோசித்து, இந்தப் பக்கமே விழுந்தது.

பதினொன்றுக்கு ஒன்பது என்று நான் சொன்னதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எல்லோரும் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் கை வைத்துப் பார்க்கும் அந்தப் பார்வைக்காகக் காத்திருந்தார்கள். விருமாண்டி தலையைக் குனிந்துகொண்டு, "சார்" என்று தொடங்கினார்.

"உன் பந்துதான்" என்றார் டாக்டர். "நீ எடுத்தது சரி. நான் எடுத்திருந்தா வேலிக்கு வெளிய போயிருக்கும்." பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டே, அடுத்த ஞாயிறும் இதே ஜோடிதான் என்று யாரிடம் என்றில்லாமல் பொதுவாகச் சொன்னார்.

ஹாலாஸ்யத்தைச் சுற்றிக் குழு உறுப்பினர்கள் கூடிவிட்டார்கள். யாசீன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. காளைராஜனுக்கும் ஆசிபுக்கும் கை கொடுத்தார், கயிற்றைச் சுருட்டி விருமாண்டியிடம் கொடுத்தார், மட்டைகளைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். தோற்றால் கிளம்புவதாகச் சொன்னவர், கிளம்புகிறார். முகத்தில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. காட்ட நினைத்ததைக் காட்டிவிட்ட நிம்மதி இருந்தது. பசுமலைப் பிள்ளைகளுக்கு வேறு இடம் தேட வேண்டும் என்று ஆசிபிடம் அப்போதே விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஹாலாஸ்யம் மெதுவாக நடந்து வந்து, வேலியோரம், யாசீனின் வலப்பக்கம் காலியாக இருந்த இடத்தில் நின்றார்.

"கெளம்பிட்டேளா?"

"தோத்தாக் கெளம்புறேன்னு சொன்னேனே சார்."

"சொன்னேள். கெளம்புங்கோ. போயி அந்த இருபத்தாறு பேரையும் அழைச்சுண்டு வாங்கோ. ஜூன் ஒண்ணாம் தேதி திங்கக்கிழமை, நாலு மணிக்கு."

காளைராஜன் மத்தியான பஸ்ஸில் ஊருக்குப் போனார். இப்போது கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருக்கிறார். ஜோடிகள் சரியாக அமையாதபோது யாசீனுக்குப் போன் செய்து யோசனை கேட்கிறார். கிளப் போட்டியில் டாக்டரின் ஜோடியாக விருமாண்டியின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்ற மனு குழுவில் இன்னும் கிடக்கிறது. எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். டாக்டர் ஒவ்வொரு கூட்டத்திலும் அதை எழுப்புகிறார். தன்னால் செய்ய முடிந்ததை யாசீன் குழுவின் முடிவுக்கு விட்டுவைக்கவில்லை. பயிற்சிப் பட்டியலில் விருமாண்டியின் பெயரைத் தன் பெயருக்கு அடுத்த வரியில், உதவிப் பயிற்சியாளர் என்று எழுதி, ஹாலாஸ்யத்திடம் கையெழுத்து வாங்கி, அறிவிப்புப் பலகையில் அவரே ஒட்டினார்.

அன்று கிளப் வாசலில் நின்றுதான் யாசீன் முத்துக்குமரனுக்குப் போன் போட்டார். திருமங்கலத்தில் முத்துக்குமரன் காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்திருக்க வேண்டும், முதல் மணியிலேயே எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் அவர் குரலும் எனக்குக் கேட்டது.

"என்ன மாப்ள, ஜெயிச்சியா?"

"இல்ல மாப்ள. ரெண்டு ஆட்டமும் தோத்துட்டேன்."

"வேலை?"

"கெடச்சிருச்சு."

"அதெப்புடிடா?"

யாசீன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"நடுவுல வந்த பந்தை ஒருத்தன் எடுத்துட்டான்."

முத்துக்குமரன், "அப்ப மூட்டையத் தூக்க வேணாம்" என்றார்.